பாய்தலும் நிலமடைதலும்

பாய்தலைப் புகழ்வோர் பலர். பாய்ந்தவன் நிலத்தை எவ்வாறு அடைந்தான் என வினவுவோர் சிலரே. விளையாட்டு வரலாறுகளும் எட்டிய உயரத்தையே குறித்து வைத்துள்ளன. ஆயினும், எழும்பிய உடல் மீண்டும் நிலத்திற்கு வந்தே தீரல் வேண்டும். அவ்வேளையிற் காலைக் காப்பது யாது என்னும் வினாவிற்கு அறிஞர் விடை தேடிய வரலாறு ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்டது.

இலங்கையில் அவ்வினாவை எழுப்புதற்குரிய ஆட்டங்கள் இரண்டு. ஒன்று உயரம் பாய்தல். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதற் தங்கம் அதுவே. அதற்கு முன்னரே அவர் 1952இல் கெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களங்களிற் பாய்ந்தவர். அக்காலத்திற் பாய்வோரை ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் மணற்குழிகளும் மரத்தூட் குவியல்களுமே. ஆதலின், ஊறின்றி நிலமடையும் முறையும் பாய்தலோடு சேர்த்தே பயிலத்தக்கதாயிருந்தது. 1960களில் நுரைமெத்தைகள் பரவலாயின. 1968இல் மெக்சிக்கோ நகரில் அமெரிக்கராகிய டிக் பொஸ்பரி, முதுகு கீழாகத் தடியைக் கடந்து 2.24 மீற்றர் பாய்ந்து வென்றார். அவர் வழி நின்ற பிற்காலத்தார் முதுகினாலேயே மெத்தையில் வீழ்வாராயினர். கால் ஊன்றும் இடர் அவர்க்குப் பெரிதும் நீங்கிற்று.

மற்றது கரப்பந்தாட்டம். 1916இற் கொழும்பு கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக இந்நாட்டிற்கு வந்த இவ்வாட்டம், 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. இதில் மெத்தைக்கு இடமில்லை. வலையோரத்தில் எழும்பிப் பந்தை அடித்தவனும் தடுத்தவனும் வன்னிலத்திலேயே இறங்க வேண்டும். சிலவேளை எதிரியின் பாதத்தின் மீதே இறங்க நேரும்.

அம்பாறைக் கரையோரத்தில் நிலத்தின் வேற்றுமை நன்கு புலப்படும். கல்முனைக் கடற்கரை மணல் பாதத்தின்கீழ் இளகி, வீழ்வோனின் விசையைச் சற்று மெல்ல ஏற்கும். அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவிலுள்ள சம்மாந்துறையோ வயல் சூழ்ந்த ஊர். அறுவடை கழிந்து வெயிலில் இறுகிய நிலம் இளகுவதில்லை; அதிலுள்ள வெடிப்பும் மாட்டுக் குளம்பின் சுவடும் வரம்பின் விளிம்பும் பாதத்தைப் புரட்டவல்லன. உள்ளங்கால் உட்புறமாகத் திரும்ப, கணுக்காலின் வெளிப்புறத்தே எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் நீண்டு அறுபடுகின்றன. இதுவே சுளுக்கு. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டிட்டு நோய் தணிவித்தல் கிழக்கிலங்கையின் நெடுநாள் வழக்கு. ஆயினும் ஒருமுறை புரண்ட கால் மீண்டும் மீண்டும் புரள்வதேன்?

உடல் தன்னைத் தானே காக்கும் என்னும் நம்பிக்கை அறிவியலில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1875இல் ஜேர்மனியரான ஏர்ப், வெஸ்ற்பால் என்னும் இருவரும், முழங்காற் சிரட்டையின்கீழ்த் தட்டினால் கால் துள்ளுவதைத் தனித்தனியே விளக்கினர். 1910இற் போல் ஹொஃப்மன் கெண்டைக்கால் தசையின் தெறிவினையை மின்தூண்டலால் எழுப்பிக் காட்டினார். 1924இல் இங்கிலாந்தின் லிடெலும் ஷெரிங்டனும், இழுபட்ட தசை முண்ணாண் வழியாகத் தானே சுருங்கும் என நிறுவினர். எனவே, பாதம் புரளும்போது வெளிப்புறத் தசை இழுபட்டு, தெறிவினையாற் சுருங்கிப் பாதத்தை நேராக்கும் எனக் கருதுதல் இயல்பாயிற்று.

1965இல் இலண்டனில் ஃபிரீமன் என்னும் மருத்துவர், சுளுக்கின்போது நாரோடு அதிலுள்ள உணர்நரம்புகளும் கெடுகின்றமையாலேயே கால் பின்னரும் தளர்கின்றது என உரைத்தார். ஆடும் பலகையின்மேல் நின்று பயின்றோர்க்கு அத்தளர்ச்சி குறைந்ததையும் காட்டினார்.

எனினும் காலக்கணக்கு வேறாக அமைந்தது. 1971இற் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஜோன்சும் வாற்றும், படியிறங்குவோரினதும் கெந்துவோரினதும் கெண்டைத் தசைகளின் மின்மாற்றங்களைப் பதிந்தனர். பாதம் நிலத்தைத் தொடுமுன்னரே தசைகள் தொழிற்படத் தொடங்கியமை கண்டனர். தொட்டபின் எழும் தெறிவினை, வீழ்ச்சியைத் தாங்கும் பணிக்குக் காலந்தாழ்ந்தே வருகின்றது. 1990களில் டென்மார்க்கின் கொன்ராட்சன் முதலியோர், கணுக்கால் நார்களை மரக்கச்செய்து ஆராய்ந்தனர்; பாதம் திடீரெனப் புரளும்போது வெளிப்புறத் தசைகள் விடையிறுக்கும் வேகம் அதனால் மாறவில்லை. அவ்விடையிறுப்புத் தோன்றவே ஏறத்தாழ 50 முதல் 80 மில்லிசெக்கன் செல்லும். பாதத்தை மீட்கும் விசை பிறக்க மேலும் காலம் வேண்டும். அதற்குள் நார் அறுபட்டுவிடக்கூடும்.

ஃபிரீமன் கூறிய காரணம் இவ்வாறு ஐயத்திற்குள்ளாயினும், அவர் வகுத்த பயிற்சி நிலைத்தது. நோர்வேயிற் கரப்பந்தாட்ட வீரரிடையே நிகழ்ந்து 1997இல் வெளியான ஆய்வு அதற்குச் சான்று. எழும்பும் முறையும் இறங்கும் முறையும் கற்பித்து, முன்பு சுளுக்குற்றோரை ஆடும் பலகையிற் பயிற்றியபோது, கணுக்காற் சுளுக்குகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது தெளிவு. காலைக் காக்கும் ஆயத்தம் வானிலேயே நிகழ்கின்றது. நிலத்தைத் தொட்டபின் தொடங்குவது போதாது. அவ்வாயத்தம் பழக்கத்தால் வருவது, ஆதலிற் கற்பிக்கத்தக்கது. நோவு தணிந்தமையைக் குணமெனக் கொண்டு மறுவாரமே மாணவனைக் களத்தில் இறக்குதல், பயிலாத காலை மீண்டும் அதே வெடிப்பின்மீது அனுப்புதலாகும். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடித்தல், இரு பாதங்களாலும் நிலமடைதல், ஒற்றைக்காலில் நிலைநின்று பயிலல் ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. நாள்தோறும் சில நிமிடங்களே வேண்டும். அறுவடை வயலையே விளையாட்டுக் களமாக உடைய ஊர்களின் பள்ளிகளுக்கு மெத்தைகள் எட்டாதிருக்கலாம், இப்பயிற்சி எட்டாததன்று. பாயக் கற்பிக்கும் ஆசிரியர் இறங்கவும் கற்பிப்பாராயின், பல இளைஞரின் ஆட்டக்காலம் நீளும்.