ஏட்டில் ஏறாத இசையும் அதைக் காத்தவர்களும்

முன்னுரை

மன்னர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுகள் காத்தன. புலவர்தம் பாடல்களைச் சுவடிகள் காத்தன. பகலெல்லாம் உழைத்துக் களைத்த எளிய மக்கள் இரவில் தெருமுனையிலும் ஆடலரங்கிலும் வாசித்த இசையைக் காப்பவர் யார்? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையின் வரலாறு தக்கதொரு விடை தருகின்றது. கோப்புகளோடும் பதிவேடுகளோடும் நாள் கழிக்கும் எழுத்தர் நாம். அவ்விடை நமக்கு வியப்பும் பெருமிதமும் அளித்தமையால் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பிறந்த இடம்

ஜாஸ் என்றவுடன், செல்வர் கூடும் விடுதிகளில் எழும் மேனாட்டு ஆரவாரம் என்றே நம்மவருள் பலர் எண்ணுவர். அது பிறந்த இடம் அத்தகையதன்று. மிசிசிப்பி ஆற்றின் துறைமுக நகராகிய நியூ ஆர்லியன்ஸில், அடிமைத்தளை நீங்கி ஒரு தலைமுறையே கடந்திருந்த கறுப்பின மக்களிடையே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது உருப்பெற்றது. ஆப்பிரிக்கத் தாளம், தேவாலயப் பாடல், துயரை வெளியிடும் புளூஸ், படையணிகளின் ஊதுகருவி இசை ஆகிய யாவும் அங்கே கலந்தன. நம் இசைவாணர் இராகத்தை மனோதர்மத்தால் விரிப்பது போன்று, ஜாஸ் இசையின் உயிரும் அந்தந்த வேளையில் பிறக்கும் கற்பனையே. ஆகவே இசைக்குறிப்பு எழுதி வைத்தாலும் அது முழுமையாக அகப்படுவதில்லை. வாசித்தவர் மறைந்தால் வாசிப்பும் மறையும்.

ஒலியின்றி வாழும் ஒருவர்

இதற்குப் பெருஞ்சான்று படி போல்டன் என்பார். 1877-இல் பிறந்த இவர், கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்து நியூ ஆர்லியன்ஸ் மக்களின் உள்ளங்கவர்ந்தார். ஜாஸ் இசையின் முன்னோடி என்று பிற்காலத்தார் பலர் இவரையே சுட்டினர். ஆயின் 1907-இல் இவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கேயே 24 ஆண்டுகள் கழித்து 1931-இல் மறைந்தார்.

ஜாஸ் இசையின் முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவாயிற்று. அதில் வாசித்தவர் ஐவரும் வெள்ளையர். போல்டன் அப்போது மருத்துவமனைச் சுவர்களுக்குள் பத்தாண்டுகளைக் கழித்திருந்தார். அவருடைய வாசிப்பு ஒரு நொடியேனும் இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. ஏழைகளின் இடுகாட்டில் அவர் புதைக்கப்பட்ட இடமும் துல்லியமாகத் தெரியவில்லை.

வெற்றிடம் இருக்குமாயின் அங்கே கதைகள் வளர்வது இயல்பு. அவர் முடிதிருத்தும் நிலையம் நடத்தினார் என்றும், செய்தித்தாள் ஒன்றை வெளியிட்டார் என்றும் நூல்கள் கூறலாயின. டொனால்ட் மார்க்விஸ் என்னும் ஆய்வாளர் கதைகளை ஒதுக்கிவிட்டுப் பதிவேடுகளைத் தேடிப் புறப்பட்டார். நகர முகவரி ஏடுகள், தேவாலயப் பதிவுகள், காவல்துறைக் குறிப்புகள், மருத்துவமனைக் கோப்புகள் என ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகவரி ஏட்டில் போல்டன் முதலில் சுவர்ப்பூச்சுத் தொழிலாளி என்றும், பின்னர் இசைக்கலைஞர் என்றும் குறிக்கப்பட்டிருந்தார். மார்க்விஸின் நூல் 1978-இல் வெளிவந்தது. முடிதிருத்தும் நிலையமும் செய்தித்தாளும் கட்டுக்கதை என்பது தெளிவாயிற்று. பெயரறியா எழுத்தர் எவரோ கடமையாக எழுதிய ஒரு வரி, பல்லாண்டுகள் கடந்து ஒரு கலைஞனின் வாழ்வை மீட்டது! ஏடுகளில் நாள்தோறும் வரி நிரப்பும் நம்மனோர்க்கு இதனினும் ஆறுதல் வேறு யாது?

முதியோர் வாய்மொழி

பதிவேடு மட்டும் போதுமோ எனின், போதாது. அதில் குரல் இல்லை. இக்குறையை நிறைவு செய்தவர்கள் முதியோரை நாடிச் சென்ற ஆர்வலர்கள்.

1938-இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில், ஆலன் லோமாக்ஸ் என்னும் 23 வயது இளைஞர், ஜெல்லி ரோல் மார்ட்டன் என்னும் முதுபெரும் பியானோ கலைஞரை அமர்த்தி, அவர் சொல்லையும் வாசிப்பையும் எட்டு மணி நேரத்திற்கும் மேலாகப் பதிவு செய்தார். மார்ட்டன் அப்போது புகழ் மங்கி, சிறு விடுதியொன்றில் வாசித்து வந்தார். தாம் இளமையில் கண்ட நகரையும், கேட்ட கலைஞர்களையும் அவர் விரித்துரைத்தார். போல்டனுக்குரிய பாடலொன்றைத் தம் நினைவிலிருந்து இசைத்தும் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1941-இல், மார்ட்டனும் மறைந்தார். அப்பதிவுகளின் முழுத்தொகுப்பு 2005-இல் வெளியிடப்பட்டது.

ஆயினும் வாய்மொழியை ஆராயாது ஏற்றலும் பிழையே. ஜாஸை 1902-இல் தாமே தோற்றுவித்ததாக மார்ட்டன் உரைத்தார். பங்க் ஜான்சன் என்னும் மற்றொரு முதியவர், பல்லிழந்து வாசிப்பைக் கைவிட்டிருந்த நிலையில் ஆர்வலரால் கண்டறியப்பட்டார். அவருக்குச் செயற்கைப் பற்கள் பொருத்தி, கருவி வாங்கிக் கொடுத்து, 1942-இல் அவர் வாசிப்பைப் பதிவு செய்தனர். அவரோ தம் வயதைக் கூட்டிச் சொன்னவர் என்று பின்வந்த ஆய்வாளர் கருதினர். வாய்மொழியும் ஏடும் ஒன்றையொன்று திருத்துதல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இப்பணி 1958-இல் டியூலேன் பல்கலைக்கழகத்தில் ஆவணக்காப்பகமாக நிலைபெற்றது. வில்லியம் ரஸ்ஸல் அதன் முதற்காப்பாளர். புகழ்பெற்றோரை மட்டுமன்றி, தெரு ஊர்வலத்தில் முரசடித்தவர்களையும் தேடிச்சென்று ஒலிநாடாவில் பேசவைத்தனர். 1961-இல் தோன்றிய பிரிசர்வேஷன் ஹால் என்னும் சிற்றரங்கு, முதிய கலைஞர்களுக்கு மீண்டும் மேடை தந்தது. வாழுங்காலத்திலேயே கலைஞரைப் போற்றுவது எத்துணை நற்செயல்!

தம்மைத் தாமே காத்தவர்

லூயி ஆம்ஸ்ட்ராங் இவ்வகையில் தனித்து நிற்பவர். உலகம் முழுதும் சுற்றிய இப்பெருங்கலைஞர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் எளியதொரு வீட்டில் வாழ்ந்தார். தம் உரையாடல்களையும் இசைப்பயிற்சியையும் 600-க்கு மேற்பட்ட ஒலிநாடாக்களில் பதிந்து, அவற்றின் பெட்டிகளில் தம் கையாலேயே படங்களை வெட்டி ஒட்டி அழகு செய்தார். 1971-இல் அவர் மறைந்தார்; அவ்வீடு 2003 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. தாம் 1900 ஜூலை 4-ஆம் நாள் பிறந்ததாகவே அவர் கூறிவந்தார். 1980-களில் ஆய்வாளர் ஒருவர் கண்டெடுத்த ஞானஸ்நானப் பதிவேடு, 1901 ஆகஸ்ட் 4 என்று காட்டியது. இங்கும் உண்மை கூறியது ஏடே!

நாம் வாழும் நகரில்

இவ்வரலாறு எங்கோ நிகழ்ந்தது என்று கருதற்க. நாம் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய இக்கொல்கத்தாவில், சௌரங்கிச் சாலையின் கிராண்ட் ஓட்டலில், டெடி வெதர்போர்ட் என்னும் கறுப்பினப் பியானோ கலைஞர் 1940-களில் இசைக்குழு நடத்தினார். சிகாகோவில் பெயர்பெற்று, ஷாங்காய், பம்பாய் எனக் கடல்கடந்து வாழ்ந்த அவர், 1945-இல் காலரா நோயால் இந்நகரிலேயே உயிர்நீத்தார். இங்கு அவர் பதிந்த இசைத்தட்டுகள் இருத்தலால் அன்றோ இன்று அவரை நாம் அறிகிறோம்! பிறந்த மண்ணைவிட்டு வந்து உழைத்து மடிந்தவர் என்னும் வகையில் அவரும் நமக்கு அயலாரல்லர்.

முடிவுரை

காத்தவையும் அழியக்கூடும். 2005-இல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நீரில் மூழ்கியபோது, மைக்கேல் ஒயிட் என்னும் கிளாரினெட் கலைஞரின் இல்லத்தில் பழங்கருவிகளும், முதியோரிடம் அவர் பெற்ற நேர்காணல் குறிப்புகளும் பாழாயின. ஆனால் வெள்ளமின்றியும் இழப்பு நேரும் என்பதை நாம் பட்டறிந்துள்ளோம். 1990-களில் நம் பாட்டியார் பாடிய நடவுப்பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்தோம். சில திங்களில் அந்நாடாவிலேயே திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டோம். பாட்டியார் இன்று இல்லை, அப்பாடல்களும் இல்லை.

இந்நகருக்கு முதலில் வந்த தமிழ்க் குடும்பங்களின் முதியோர் இன்னும் நம்மிடையே சிலர் உளர். அவர்தம் நினைவுகளும், சங்கத்தின் பழைய கூட்டக்குறிப்பேடுகளும் நம் கையில் உள்ள செல்வங்கள். விழாநாளில் பொன்னாடை போர்த்துவதோடு அமையாது, அவர்கள் அருகமர்ந்து கேட்போம். கேட்டதை நாளிட்டு எழுதுவோம். போல்டனின் இசைக்கு நேர்ந்தது அவர்தம் சொல்லுக்கும் நேராதிருக்கட்டும்.