ஃப்ளோரின் இல்லாத தீயணைப்பு நுரை

பெட்ரோல், விமான எரிபொருள் ஆகியவற்றில் பற்றும் தீயை, ஃப்ளோரின் சேர்மங்களின் துணையின்றி மூடி அணைக்கும் நுரை. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். எனவே வெறும் தண்ணீரை அடித்தால் தீ பரவத்தான் செய்யும்.

எண்ணெய்த் தீக்கு நுரை என்ற யோசனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பொறியாளர் அலெக்சாந்தர் லோரானிடமிருந்து வந்தது. பிறகு மாட்டுக் கொம்பு, குளம்பு போன்றவற்றிலிருந்து எடுத்த புரத நுரை வந்தது. நாற்றம் குடலைப் பிரட்டும். ஆனால் தீயை மூடும் நுரைப் போர்வை கெட்டியாக நிற்கும்.

1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் த்ரீ எம் நிறுவனமும் வேறு வழி கண்டன. ஃப்ளோரின் கலந்த நுரையிலிருந்து வடியும் நீர், எண்ணெய்மேல் மெல்லிய படலமாகத் தானே பரவி ஆவியை அடைத்துவிடும். 1966இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு ஜூலை 29 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பல் தீப்பற்றி 134 பேர் மாண்டனர். ஒரு குழு போட்ட நுரையை மற்றொரு குழுவின் தண்ணீர் அடித்துச் சென்றது. அதன்பின் இந்த ஃப்ளோரின் நுரை கடற்படையிலும் விமான நிலையங்களிலும் வேரூன்றியது.

அதன் வலிமையே வினையாயிற்று. கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பு எளிதில் சிதையாது. பயிற்சித் திடல்களில் கொட்டியது நிலத்தடி நீரில் இறங்கி மனித இரத்தம் வரை சென்றது. 2000இல் த்ரீ எம், அந்த நுரையில் இருந்த ஃப்ளோரின் சேர்மமான பி.எஃப்.ஓ.எஸ். உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009இல் அந்த வேதிப்பொருள், எளிதில் சிதையாத மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து 2016இல் ஃப்ளோரின் நுரைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 2018இல் தடையே விதித்தது. அமெரிக்க ராணுவம் ஃப்ளோரின் இல்லாத புதிய நுரைக்கான தர விதியை வெளியிட்டது 2023 ஜனவரியில்தான். கடலோடும் கப்பல்களில் பழைய நுரைக்கு அங்கே இன்னும் சட்ட விலக்கு உண்டு.

புதிய நுரையில் படலம் கிடையாது. குமிழிப் போர்வை மட்டுமே காவல். ஆகவே எரியும் எண்ணெய்க்குள் பீய்ச்சியடிக்காமல், மேலே மெதுவாக விழும்படி போடவேண்டும்; வீரர்கள் பழைய கைப்பழக்கத்தை மாற்றியாக வேண்டும். எல்லா எரிபொருளுக்கும் ஒரே நுரை என்ற சௌகரியமும் குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை தீயணைப்பு வண்டிகளில் இருக்கிறது: தொட்டியிலும் குழாய்களிலும் ஒட்டிய பழைய சேர்மம், பலமுறை கழுவிய பின்னும் புது நுரைக்குள் கசிந்து கலக்கிறது. கழுவிய கழிவுநீரையும் சாக்கடையில் விட முடியாது; அதை அழிப்பது தனிச் செலவு.