நோயுடன் வாழ்ந்து கல்வி கற்றோர்

கல்வியே நம் சமுதாயத்தின் கைவிளக்கு என்று இக்கழகம் 25 ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகிறது. அவ்விளக்கை ஏந்திச் செல்லும் வழியில் வறுமையும் சாதி இழிவும் குறுக்கிடுவதைப் பற்றி இம்மலரில் பலரும் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நீங்காத நோயைத் தம் உடலில் சுமந்தவாறே கல்லூரி வாயிலை நோக்கி நடக்கும் இளைஞரைப் பற்றியது அது. அதற்குச் சான்றாக நீரிழிவு நோயின் வரலாற்றை இங்கே காண்போம்.

சர்க்கரை நோய் முதியோர்க்கே வருவது என்று நம்மவர் எண்ணுவர். அஃது உண்மையன்று. சிறுவர்க்கு வரும் வகையும் உண்டு. அவ்வகையில் கணையம் இன்சுலின் என்னும் சுரப்பு நீரைத் தருவது ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடுகிறது. உண்ட உணவு குருதியில் சர்க்கரையாகத் தேங்கி, உடலுக்குப் பயன்படாமல் சிறுநீரில் கழிகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நாளுக்கு நாள் மெலிதல் ஆகியவையே அதன் அடையாளங்கள். 1922ஆம் ஆண்டுக்கு முன் இந்நோய் கண்ட சிறுவர் சில ஆண்டுகள்கூட வாழ்வது அரிது. உணவைக் குறைத்து, பட்டினி போட்டு, சாவைத் தள்ளி வைப்பது ஒன்றே அன்றைய மருத்துவம்.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு பாண்டிங் என்னும் மருத்துவரும் பெஸ்ட் என்னும் இளைஞரும், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்க முனைந்தனர். பாண்டிங் ஓர் உழவரின் மகன். அச்சாற்றைத் தூய்மைப்படுத்தியவர் காலிப் என்னும் வேதியியலறிஞர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி பயன் தரவில்லை. 12 நாள் கழித்துத் தூய சாறு செலுத்தப்பட்டதும் சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் பணம் கொடுத்து மருத்துவம் பெற இயலாத ஏழை. அவன் 1935 வரை வாழ்ந்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி டொராண்டோவுக்கு அழைத்து வரப்பட்டாள். அவள் தந்தை அப்போது அமெரிக்க அயலுறவு அமைச்சர். 11 வயதில் நோய் கண்டு, மூன்றாண்டுகள் அரைப்பட்டினி கிடந்து, 15 வயது நிறையும் தறுவாயில் அவள் எடை 45 பவுண்டாக, அதாவது 20 கிலோவாகக் குறைந்திருந்தது. இன்சுலின் அவளுக்கு உயிர் கொடுத்தது. அவள் பள்ளிக்கல்வியை முடித்து, நியூயார்க் பர்னார்டு கல்லூரியில் சேர்ந்து, 1929இல் பட்டம் பெற்றாள். மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1981இல் 73 வயதில் மறைந்தார் அவ்வம்மையார். வாழ்நாளில் ஏறத்தாழ 42,000 முறை ஊசி செலுத்திக்கொண்டார் என்பர். ஆயினும் தம் நோயைப் பிறர் அறியாவண்ணம் மறைத்தே வாழ்ந்தார்.

இவ்வரலாற்றில் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. 1922 கோடையில் இன்சுலின் சொற்பமாகவே கிடைத்தது. காத்திருந்த சிறுவரோ பலர். செல்வாக்குடைய இல்லத்துப் பெண்ணுக்கு அது விரைவில் கிட்டியது. எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. இதை உணர்ந்தே போலும், கண்டுபிடித்தோர் தம் காப்புரிமையைத் தலைக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். மருந்து ஒருவர் உடைமையாகிவிடக் கூடாது என்பதே அவர்கள் கருத்து. பிறப்பும் பணமும் ஒருவனுடைய வாழ்வை அறுதியிடக் கூடாது என்னும் நம் கொள்கையும் அதுவன்றோ!

நம் அண்ணல் அம்பேத்கரும் 1948 முதல் நீரிழிவால் துன்புற்றவரே. நரம்பு வலியும் அவரை வாட்டியது. அந்நிலையிலும் அரசியலமைப்புச் சட்ட வரைவை அவையில் நடத்திச் சென்று, 1949 நவம்பர் 26 அன்று அது ஏற்கப்படக் கண்டார். 1954இல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், 1956 டிசம்பர் 6 அன்று மறைவதற்குச் சில நாள் முன்பு வரை 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக உழைத்தார். நோயாளி எதற்கும் ஆகான் என்போர்க்கு இதைவிட விடை வேண்டுவதில்லை.

இனி நம் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். முன்பு நாம் பணியாற்றிய பள்ளியில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடவேளைதோறும் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் வெளியே செல்வான். சோம்பேறி என்று அவனைக் கண்டித்தவர்களுள் நாமும் ஒருவர். ஒருநாள் மயங்கி விழுந்து மருத்துவமனை சேர்ந்த பின்னரே நோய் இன்னதென்று தெரிந்தது. அவன் தாய் கூலி வேலைக்குச் செல்பவர். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் மருந்தைக் காத்தார். ஓராண்டு தவறினும் அவன் மறு ஆண்டு தேர்வெழுதித் தேறிக் கல்லூரி புகுந்தான். அவன் தேறியதில் நமக்குப் பெருமை இல்லை. அவனைக் கண்டித்ததில் வெட்கமே உண்டு.

இளைஞர்களே! இன்று அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், இந்நோயுள்ள மாணவர் பொதுத்தேர்வு அறைக்குள் சிற்றுணவு கொண்டு செல்ல இசைவளித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, அரிவாள் செல் நோய், குருதி உறையாமை ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்று பெற்றவர்க்கு, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீடும் உண்டு. நீரிழிவு அப்பட்டியலில் இல்லை. ஆதலின் அம்மாணவர்க்குத் துணை நிற்கும் கடமை நம்மைச் சார்ந்தது.

நோயுற்றவர் அதை மறைக்க வேண்டா. ஆசிரியரிடமும் விடுதித் தோழரிடமும் கூறிவிடுக. உடல் நடுங்கி வியர்க்குமானால் உடனே சர்க்கரை உண்க. சட்டைப்பையில் அது என்றும் இருக்கட்டும். அருகிருப்போர் இது தொற்றுநோயன்று என்று அறிக. தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாம், நோயின் பெயரால் எவரையும் ஒதுக்குதல் தகாது. பெண் பிள்ளைக்கு நோய் கண்டால் படிப்பை நிறுத்தும் பெற்றோர் பர்னார்டு கல்லூரியில் பட்டம் பெற்ற அப்பெண்ணை நினைக்க. நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளில், நோய் காரணமாக ஒரு பிள்ளையும் படிப்பை இழக்கவில்லை என்னும் நிலையை உருவாக்குவோமாக!