நீங்க எங்கே போறீங்கன்னு செல்போனே கணக்கெடுக்குமா? பயண சர்வே செயலி வேலை செய்வது எப்படி?

நேற்று எங்கெங்கே போனீங்க, எத்தனை மணிக்கு, எதில் போனீங்கன்னு கேட்டா சரியா சொல்ல முடியுமா? ஆபீஸ் போனது ஞாபகம் இருக்கும். நடுவில் டீக்கடைக்கு நடந்தது, பிள்ளையை டியூஷனில் விட்டது எல்லாம் மறந்திருக்கும்.

ஆனா, புது பஸ் ரூட்டும் நடைபாதையும் எங்கே வேணும்னு முடிவு பண்ண இந்த விவரம்தான் உதவுது. சர்வேயில் விடுபட்ட பயணம் திட்டத்திலும் விடுபட வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூர் சோதனை

சிங்கப்பூரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகப் பயண சர்வே எடுக்கப்படுகிறது. 2012 சர்வேயை ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் கூட்டு ஆய்வு மையம் உருவாக்கிய 'ஃபியூச்சர் மொபிலிட்டி சர்வே' என்ற செயலியும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

எப்படி வேலை செய்யுது?

ஜிபிஎஸ், வைஃபை, டவர் சிக்னல் மூலம் நீங்க இருக்கும் இடம் தெரியும். போனில் உள்ள அக்சலரோமீட்டர் சென்சார் அசைவைப் பதிவு செய்யும். இதை வைத்து நடந்தீங்களா, பஸ்ஸில் போனீங்களா என்று மென்பொருள் கணிக்கும்.

ஆனா எதுக்குப் போனீங்கன்னு அதுக்கு உறுதியா தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் இருந்தவர் நோயாளியா, நலம் விசாரிக்க வந்தவரா? அதனால், செயலி தயாரிக்கும் பயண டைரியை நீங்களே பார்த்துத் திருத்தி உறுதி செய்யணும்.

என்ன தெரிந்தது?

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, நேரில் கேட்ட சர்வேயில் பல பயணங்கள் விடுபட்டிருந்தன. பயண நேரத்தையும் மக்கள் கூட்டியே சொல்லியிருந்தனர். தவிர, செயலி பல நாள் பதிவு செய்வதால் ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்தது.

சிக்கல் என்ன?

முதலில் பேட்டரி: ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அடுத்து, ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களும் ஏழைகளும் கணக்கில் வரமாட்டார்கள். பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவர்களில் இவர்களும் உண்டு. அதனால் செயலி மட்டும் போதாது. நேரில் கேட்பதும் தொடரணும்.

மூன்றாவது, அந்தரங்கம். 15 லட்சம் பேரின் செல்போன் தரவை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதில் 4 புள்ளிகள் கிடைத்தாலே 95% பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது.

'அலோ' கொடுக்கும் முன்...

சர்வேயை நடத்துவது யார், எத்தனை நாள் பதிவாகும், தரவு யாருக்கெல்லாம் போகும், எப்போது அழிக்கப்படும்? இந்த நாலுக்கும் பதில் இருக்கான்னு பாருங்க. சர்வே முடிந்ததும் லொகேஷன் அனுமதியை ஆஃப் பண்ண மறக்காதீங்க.