பிறர்க்கு வழி திறந்த பாடகர்

இசை செல்வர் மாளிகையிலும் கோயில் மண்டபத்திலும் மட்டுமே வளர்வதன்று. உழைப்போர் வாழும் சந்துகளிலும் பிறந்து உலகை வலம் வருவதுண்டு. இதற்குத் தக்க சான்று, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவின் "டான்ஸ்ஹால்" இசையும், அதற்கு அடிகோலியவருள் ஒருவரான சுகர் மினாட்டின் வரலாறுமாம்.

ஜமைக்கா, கரும்புத் தோட்டங்களின் பொருட்டு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொணர்ந்து குவித்த தீவு. அம்மக்கள் 1838-ம் ஆண்டில் முழு விடுதலை பெற்றனர். 1845 முதல் நம் இந்தியரும் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். அடிமைத்தளை அறுந்தும் வறுமைத்தளை அறுந்திலது. தலைநகராகிய கிங்ஸ்டனில் வாழ்ந்த ஏழைகள், வாத்தியக் கோஷ்டியை அமர்த்தப் பணமின்மையால், பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளிகளில் நிறுத்தி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடி மகிழ்ந்தனர். 1950-ம் ஆண்டுகளில் பெருகிய இவ்வேற்பாட்டிற்குச் "சவுண்ட் சிஸ்டம்" என்று பெயர்.

இச்சூழலில் 1956-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி பிறந்தவரே லிங்கன் பாரிங்டன் மினாட். "சுகர்" என்பது வழக்குப் பெயர். இளமையில் இக்கூட்டங்களில் இசைத்தட்டுகளைத் தேர்ந்து சுழற்றும் பணி புரிந்தார். "ஆப்பிரிக்கன் பிரதர்ஸ்" என்னும் மூவர் குழுவில் சில ஆண்டுகள் பாடினார். பின்னர், கிளெமென்ட் டாட் என்பார் நடத்திய "ஸ்டூடியோ ஒன்" என்னும் ஒலிப்பதிவு நிலையத்தை அடைந்தார்.

அங்கு அவர் செய்ததே கவனிக்கற்பாலது. 1960-ம் ஆண்டுகளில் பதிவாகிய பக்கவாத்தியங்கள் பல அந்நிலையத்தில் இருந்தன. மினாட் அவற்றின்மீதே தாம் இயற்றிய புதுப் பாடல்களைப் பாடினார். 1978-ல் வெளிவந்த "லிவ் லவிங்" என்னும் தொகுப்பு இவ்வாறு அமைந்ததே. நம்மவர் பாட்டுப் புத்தகங்களில் "இன்ன பாட்டின் மெட்டு" எனத் தலைப்பிட்டுப் புதுக் கருத்தைப் பாடுவதை இஃது ஒருவாறு ஒக்கும். ஆயின், அங்கு நிலைத்து நிற்பது மெட்டன்று; டிரம்மும் பாஸ் கிதாரும் சேர்ந்த தாளக்கட்டேயாம்.

இதனால் விளைந்த பயன் பெரிது. வாத்தியக்காரர்க்குக் கூலி கொடுக்க இயலாத ஏழை இளைஞனும், தொண்டையும் சொல்லும் இருந்தால், பாடகனாகலாம் என்றாயிற்று. டான்ஸ்ஹால் இசை இவ்வழியே செழித்தது.

மினாட், பிறர் நிலையத்தில் பாடுவதோடு அமைந்திலர். தம் உழைப்பின் பயன் தம் கையிலேயே இருத்தல் வேண்டுமெனக் கருதி, "பிளாக் ரூட்ஸ்" என்னும் சொந்த இசைத்தட்டு நிலையத்தை நிறுவினார். அதனோடு "யூத் புரொமோஷன்" என்னும் அமைப்பையும் தொடங்கினார். 1981-ல் அவர் பாடிய "குட் திங் கோயிங்" என்னும் காதற்பாட்டு, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் நான்காம் இடத்தைப் பெற்றது. அப்புகழைத் தமக்கே பூட்டி வைத்துக்கொள்ளாமல், பெயரறியா இளைஞர்க்குத் தம் அரங்கையும் ஒலிபெருக்கியையும் திறந்துவிட்டார். அவ்வாறு வளர்ந்தவருள் ஜூனியர் ரீட் 1985-ல் "பிளாக் உஹுரு" என்னும் புகழ்பெற்ற குழுவின் முதற்பாடகரானார். டெனர் சா என்னும் இளைஞர் அதே ஆண்டில் "ரிங் தி அலார்ம்" என்னும் பாட்டைப் பாடினார். அதுவும் ஒரு பழைய தாளக்கட்டின்மீது எழுந்ததே.

குறையையும் மறைத்தல் தகாது. 1984-ல் வெளிவந்த "ஹெர்ப்மேன் ஹஸ்லிங்", கஞ்சா விற்றுப் பிழைப்பவனைப் பற்றிய பாட்டு. கள்ளினால் நம் தோட்டக் குடும்பங்கள் சீரழிந்த கதையை அறிந்த நாம் அதனைப் போற்றோம். ஆயினும், வேறு பிழைப்பற்றவனின் நிலையை அப்பாட்டு நமக்குக் காட்டுகிறது என்பதை மறுக்கவும் இயலாது.

2010-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, தமது 54-வது வயதில் மினாட் காலமானார். பாடிப் பெயர் பெற்றோர் எந்நாட்டிலும் பலர்; பெயர் பெற்றபின் அடுத்தவனைப் பாடவைத்தோர் சிலரே. வித்தையைக் குலச் சொத்தாகவும் குடும்பச் சொத்தாகவும் காத்து, வெளியானைத் திண்ணையிலேயே நிறுத்திய வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. அதன் வேர் இன்னும் முற்றும் பட்டுப்போகவில்லை. கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த ஒருவர் செய்து காட்டியதை, ரப்பர்த் தோட்டத்து உழைப்பாளர் வழிவந்த நாம் செய்யலாகாதா?