ஆத்துத் தண்ணியில எழுதின கடிதம்

இன்னைக்கு எபிசோடை ஒரு கடிதத்தோட ஆரம்பிக்கலாம்.

வடக்கு இங்கிலாந்து, யார்க்‌ஷயர் பகுதி. அங்க வேக்ஃபீல்டுன்னு ஒரு ஊர். காலம் 1860கள். சார்லஸ் க்ளே என்கிற ஊர்க்காரர் உள்ளூர் சுகாதார வாரியத்துக்கு ஒரு குறிப்பு எழுதுறார். பேனாவுல அவர் தொட்டுக்கிட்டது மை இல்ல. ஊர்ச் சாக்கடை கால்டர் ஆற்றுல கலக்கிற இடத்துல மொண்ட தண்ணி. அந்தத் தண்ணியில எழுதினதே படிக்கத் தெரிஞ்சுது! இதோட நாத்தத்தையும் சேர்த்து அனுப்ப முடியலையேன்னு வேற அதுல எழுதியிருந்தார். ஆற்று மாசை விசாரிச்ச அரச ஆணையம் அந்தக் காகிதத்தோட நகலைத் தன் அறிக்கையிலேயே சேர்த்துக்கிச்சு.

அதாவது ஆறு கெட்டுப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கம்பளி ஆலை, சாயப்பட்டறை, ஊர்ச் சாக்கடை எல்லாம் ஆற்றுலதான் விழுது. அப்போ ஏன் யாரும் தடுக்கல?

சட்டம் வராம இல்ல. 1876லேயே பிரிட்டன்ல நதி மாசுத் தடுப்புச் சட்டம் வந்துடுச்சு. ஆனா ஆலைகள் மேல வழக்குப் போடுற பொறுப்பு யார்கிட்ட? அந்தந்த ஊரோட சுகாதார அமைப்புகிட்ட. அந்த ஊர்ச் சாக்கடையும் அதே ஆற்றுலதான் கலக்குது. பல இடங்கள்ல கவுன்சிலர் நாற்காலியில உட்கார்ந்திருந்தவங்களே ஆலை முதலாளிகள். இதையும் மீறி வழக்குப் போடணும்னா லண்டன்ல இருக்கிற மத்திய வாரியத்தோட ஒப்புதல் வேணும். தொழில் நடக்கிற பகுதின்னா, அந்தத் தொழிலுக்குப் பெரிய பாதிப்பு வராதுன்னு திருப்தி ஆன பிறகுதான் அந்த ஒப்புதலே கிடைக்கும். சட்டம் புத்தகத்துல இருந்துச்சு. ஆறு கருப்பாவே ஓடுச்சு.

திருப்பம் 1888ல வருது. அந்த வருஷச் சட்டத்துலதான் கவுண்டி கவுன்சில்கள் பிறக்குது. கிட்டத்தட்ட நம்ம ஊர் மாவட்ட அளவுக்கான சபைன்னு வச்சுக்கோங்க. நதிச் சட்டத்தை அமல்படுத்துற அதிகாரம் இவங்களுக்கும் கிடைக்குது. ஒரே ஆற்றுக்கரையில இருக்கிற பல சபைகள் சேர்ந்து கூட்டுக்குழு அமைக்கலாம்னும் வழி பிறக்குது. மேல இருக்கிற ஊர் கொட்டுற கழிவு கீழ இருக்கிற ஊருக்குத்தானே வரும்? அதனால ஊர் எல்லையை விட்டுட்டு ஆற்றையே ஓர் அலகா எடுத்துக்கிட்டாங்க. மான்செஸ்டர் பக்கம் மெர்சி-இர்வெல் கூட்டுக்குழு 1891ல வந்துச்சு. யார்க்‌ஷயர்ல வெஸ்ட் ரைடிங் நதி வாரியம் 1893ல வந்துச்சு. இவங்களோட இன்ஸ்பெக்டர்கள் கரையோரமா நடந்து, ஒவ்வொரு கழிவுக் குழாயையும் குறிச்சு, பாட்டில்ல சாம்பிள் எடுத்தாங்க. அளக்கிற வேலை ஊராட்கள் கையை விட்டுப் போச்சு.

இப்போ அடுத்த சிக்கல். சாம்பிள் எடுத்தாச்சு. எவ்வளவு அழுக்கு இருந்தா தப்பு? 1876 சட்டத்துல அதுக்கு எண்ணே கிடையாது. அந்த எண்ணைக் கொடுத்தது, கழிவுநீர் பற்றி ஆராய 1898ல அமைச்ச இன்னொரு அரச ஆணையம். அவங்களோட எட்டாவது அறிக்கை 1912ல வந்துச்சு.

அவங்க பார்த்த விதம் இதுதான். தண்ணியில கழிவு விழுந்தா பாக்டீரியா அதைத் தின்னும். தின்னும்போது தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும். மீனுக்கு மூச்சுத் திணறும். அதனால அழுக்கை அளக்க, அது எவ்வளவு ஆக்சிஜன் கேட்குதுன்னு பார்த்தா போதும். இதுதான் பி.ஓ.டி. சுத்தமான ஆற்றுல லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம். 4ஐத் தாண்டினா தொல்லை. கழிவுநீர் ஒரு பங்கு, சுத்தமான ஆற்று நீர் எட்டுப் பங்கு கலந்தா கழிவுல எவ்வளவு இருக்கலாம்? 20. நீங்களே போட்டுப் பாருங்க: 20, அதோட எட்டு இரண்டு 16, மொத்தம் 36. ஒன்பதால வகுத்தா 4.

சோதனைக்கு ஐந்து நாள் வச்சாங்க. பிரிட்டன்ல ஆற்றுத் தண்ணி கடலைச் சேர அதிகபட்சம் அவ்வளவு நாள்தான் ஆகும்னு அதுக்குக் காரணம் சொல்றாங்க. நம்ம நாட்டுல வெயில் ஜாஸ்தி, பாக்டீரியா வேகமா வேலை செய்யும். அதனால இந்திய விதிமுறையில 27 டிகிரியில மூணு நாள். ஆற்றுல விடுற கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு 30 மில்லிகிராம். அந்த 1912 கணக்கு நம்ம ஊர் ஆய்வகத்துல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

அளக்க ஆள் வந்தாச்சு, எண்ணும் வந்தாச்சு. இனி எல்லாம் சரிதானே? இல்ல. பிரிட்டன்ல 1951 சட்டப்படி, புதுசா கழிவு விடுறவங்க நதி வாரியத்துகிட்ட அனுமதி வாங்கணும். பழைய ஆலைகளையும் 1961 சட்டம் அதுக்குள்ள கொண்டுவந்துச்சு. ஆனா அதே 1961 சட்டம் இன்னொண்ணும் செஞ்சுது. ஆலைக் கழிவுல எடுத்த சாம்பிளோட முடிவை அதிகாரிகள் வெளியே சொன்னா குற்றம்! தொழில் ரகசியம்னு காரணம். ஆற்றங்கரையில குடியிருக்கிறவங்களுக்கு அந்த எண்ணைத் தெரிஞ்சுக்கிற வழி இல்ல. எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவேடு வேணும்னு 1974ல சட்டம் போட்டாங்க. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1985ல.

நம்ம தண்ணீர்ச் சட்டமும் அதே 1974தான். தமிழ்நாட்டுல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ல வந்துச்சு. அந்தச் சட்டத்தோட 25வது பிரிவுல ஒரு வரி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. எந்த ஆலைக்கு என்ன நிபந்தனை போட்டாங்கன்னு வாரியம் பதிவேடு வைக்கணும். அந்தக் கழிவால பாதிக்கப்படுறவங்க அதைப் போய்ப் பார்க்கலாம். சாம்பிள் முடிவு வேணும்னா 2005ல வந்த தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கலாம்.

உங்க ஊர் ஆறு நுரைச்சுக்கிட்டு ஓடுதுன்னா போட்டோ எடுத்துப் போடுங்க, தப்பில்ல. க்ளே செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதான். கூடவே மூணு கேள்வி கேளுங்க: யார் அளந்தாங்க, என்ன எண் வந்துச்சு, அது எங்க இருக்கு?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.