இருபத்தைந்து ஷில்லிங்கும் ஓர் இலக்கியப் பரீட்சையும்



இலண்டனில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கு ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியப் பரீட்சை நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தான் எழுதிய விடைகளைப் படம் எடுத்து, "அண்ணா, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று அனுப்புவாள். வணிகம் படிக்கிறவனுக்கும் ஆங்கில நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளுடைய பாடநூலை வாசித்து முடித்தபோது, அது என்னுடைய பாடத்துக்குத்தான் மிகக் கிட்ட இருந்தது. கூலி, இலாபம், வேலைநிறுத்தம், கையாடல், எல்லாம் அதில் உண்டு. ஐந்தொகை ஒன்றுதான் குறை!

நாடகம், ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய 'அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்'. பிரம்லி என்ற கற்பனை நகரத்தில் ஆதர் பேர்லிங் என்ற ஆலை முதலாளியின் வீடு. மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து நடக்கிறது. அப்போது கூல் என்றொரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து, ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினி குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். முதலாளி, அவருடைய மனைவி, மகள், மகன் எரிக், மாப்பிள்ளையாக வரப்போகும் ஜெரால்ட் என அந்த மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அவளுடைய அழிவில் பங்கு உண்டு என்பது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கதை இவ்வளவுதான்.

தங்கை அனுப்பிய விடையின் முதல் வரி இப்படி இருந்தது: பிரீஸ்ட்லி ஒரு சோசலிசவாதி, மக்களைத் தொழிற்கட்சிக்கு வாக்களிக்க வைக்கவே இந்த நாடகத்தை எழுதினார். அடுத்த வரியிலிருந்து ஷீலாவின் குணமாற்றம். மேலே இருந்த வரலாறு அதன்பின் எங்குமே வரவில்லை. ரியூசனில் கொடுத்த தாளில் அந்த வரி அச்சாகவே இருந்ததாம். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அதை ஒட்டிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உறையில் முத்திரை ஒட்டுவது மாதிரி!

அவளைக் குறை சொல்லவும் முடியாது. 2014இல் பிரித்தானிய அரசு இந்தப் பரீட்சையை மாற்றியமைத்தது. அதற்கு முன் பல பாடசாலைகளில் படித்த அமெரிக்க நாவல்கள் பட்டியலிலிருந்து போயின. 1914க்குப் பின் பிரித்தானியத் தீவுகளில் எழுதப்பட்ட ஒரு கதையோ நாடகமோ கட்டாயமானது. புதிய முறையில் முதல் பரீட்சை 2017இல் நடந்தது. புத்தகத்தை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. அவள் எழுதும் ஏ.கியூ.ஏ. வினாத்தாளில் இந்தப் பகுதிக்கு இரண்டு கேள்விகள் தருவார்கள், ஒன்றுக்கு விடை எழுத வேண்டும், நாடகத்திலிருந்து ஒரு பகுதிகூட அச்சிட்டுத் தரமாட்டார்கள். மொத்தம் 34 புள்ளிகள். அதில் காலச்சூழலுக்கு 6 புள்ளிகள்தான், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிக்கு 4. மீதி 24ம் கருத்துக்கும் மொழியையும் வடிவத்தையும் ஆராய்வதற்கும். ஆகவே ஆறு புள்ளிக்கு ஒரு வரி போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பிழையான கணக்கு. இந்த நாடகத்தில் வரலாறு தெரியாமல் மற்ற 24ஐத் தொடவே முடியாது.

ஏனென்றால் இதில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. கதை நடப்பது 1912இல். எழுதப்பட்டது 1944-45 குளிர்காலத்தில். நடுவில் இரண்டு உலகப்போர்கள்.

முதலில் 1912ஐப் பார்ப்போம். விருந்தில் பேர்லிங் எழுந்து இளசுகளுக்கு அறிவுரை சொல்கிறார். போர் வராது, தொழிலாளர் தொல்லை பெரிதாகாது, அடுத்த வாரம் புறப்படும் டைட்டானிக் கப்பல் மூழ்கவே மூழ்காது என்கிறார். டைட்டானிக் சௌதாம்ப்டனிலிருந்து கிளம்பியது 1912 ஏப்ரல் 10. ஆகவே விருந்து நடப்பது ஏப்ரல் முதல் வாரம் என்று நாமே கணக்கிடலாம். பேர்லிங் சொன்னதெல்லாம் பொய்த்துப்போனது, பார்ப்பவர்களுக்கு அது தெரியும், இது நாடக முரண் என்று எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். சரிதான்.

ஆனால் இன்னும் கொஞ்சம் கிண்டினால் சுவையான ஒன்று கிடைக்கிறது. அதே 1912இல் பெப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பிரித்தானியா முழுவதும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது குறைந்தபட்சக் கூலி. மார்ச் இறுதியில் பாராளுமன்றம் அதற்காகவே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நிலக்கரித் தட்டுப்பாட்டால் டைட்டானிக்குக்கு எரிபொருள் போதவில்லை. மற்றக் கப்பல்களில் இருந்த நிலக்கரியை எடுத்து அதில் நிரப்பித்தான் அனுப்பினார்கள். பேர்லிங் தன் பேச்சில் சுரங்கத் தொழிலாளரை ஒரு வீச்சில் தள்ளிவிட்டு, அடுத்த வீச்சில் கப்பலைப் புகழ்கிறார். அந்தத் தொழிலாளர் கைவிட்டால் அந்தக் கப்பல் நகராது என்பது அவர் தலையில் ஏறவில்லை. இதைச் சொன்னபோது தங்கை சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை எழுதலாமா அண்ணா?" என்று கேட்டாள். தாராளமாக எழுதலாம்!

இனி என் பாடம். ஈவா ஸ்மித் பேர்லிங்கின் ஆலையில் வாங்கிய கூலி வாரத்துக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ். 1910 செப்டெம்பரில் தொழிலாளர் கேட்டது 25 ஷில்லிங். பேர்லிங் மறுத்தார், வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது, முன்னின்ற நாலைந்து பேரை நீக்கினார். ஈவா அவர்களில் ஒருத்தி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். எனவே கேட்ட உயர்வு இரண்டரை ஷில்லிங், அதாவது 11 சதவீதம். ஆண்டுக்கு 130 ஷில்லிங், ஆறரைப் பவுண்.

இதே நாடகத்தில் மகன் எரிக் தந்தையின் அலுவலகத்தில் கையாடுகிறான். சில சிறிய கணக்குகளின் பணத்தை வசூலித்து, கொம்பனியின் பற்றுச்சீட்டையே கொடுத்து, காசைத் தன் பையில் போடுகிறான். ஏறக்குறைய 50 பவுண். ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங், ஆகவே 1000 ஷில்லிங். ஈவாவின் 44 வாரக் கூலி! அவள் கேட்ட உயர்வை அந்தப் பணத்தில் ஏழரை ஆண்டுக்கு மேல் கொடுத்திருக்கலாம். அதில் பெரும்பங்கை எரிக் கொடுத்ததே ஈவாவுக்குத்தான் என்பது இன்னொரு கொடுமை. உழைத்துக் கேட்டபோது கிடைக்காத பணம், திருட்டுப் பணமாக அவளிடம் வருகிறது. திருட்டு என்று தெரிந்ததும் அவள் வாங்க மறுத்துவிடுகிறாள். இந்த எண்களைப் பிரீஸ்ட்லி சும்மா போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. எழுத்தாளராவதற்கு முன் அவர் பிராட்ஃபோர்ட் நகரில் ஒரு கம்பளி வணிக நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1912இலும் அங்கேதான் இருந்தார்.

இந்த இடத்தில் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டாள். 22 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது பட்டினிக் கூலியா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சீபோம் ரவுன்ட்ரி யோர்க் நகரில் வறுமையைப் பற்றி ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூலில், கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம் உயிர்வாழத் தேவையான மிகக் குறைந்த தொகை வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கணக்கிட்டார். அக்காலத்துப் பெண் தொழிலாளரில் பெரும்பாலானோர் ஈவாவைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். அப்படியானால் பேர்லிங் நியாயவானா?

இங்கேதான் நாடகம் எனக்குப் பிடித்துப்போனது. ஈவா பசியால் சாகவில்லை. கேட்டதால் வெளியே போனாள். வெளியே போனபின் அவளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அதுதான் பிரச்சினை. 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஆனால் அதற்கான பணத்தைத் தொழிலாளரிடம் பிடிக்கத் தொடங்கியதே 1912 ஜூலையில். கொடுப்பனவுகள் 1913 ஜனவரியில்தான் ஆரம்பித்தன. ஈவா இறந்தது 1912 ஏப்ரலில். அவளுக்கு எஞ்சியிருந்தது தர்மம் மட்டுமே. அந்தத் தர்ம சங்கத்தின் தலைவி யார்? திருமதி பேர்லிங்! கர்ப்பிணியாக வந்து நின்றவளை, வயிற்றில் இருப்பது தன் பேரப்பிள்ளை என்று அறியாமலே அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இப்போது 1945க்கு வருவோம். பிரீஸ்ட்லி முதலாம் உலகப்போரில் போர்முனையில் காயப்பட்டவர். இரண்டாம் போரில், 1940 ஜூன் முதல், பி.பி.சி. வானொலியில் ஞாயிறு இரவுகளில் பேசினார். நாடே கேட்டது. போர் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடாது என்பது அவருடைய பேச்சு. 1942 டிசெம்பரில் பெவரிஜ் அறிக்கை வந்தது. வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்ற ஐந்து பூதங்களை ஒழிக்க வேண்டும் என்றது. ஒரு அரசாங்க அறிக்கையை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள் என்றால் நம்ப முடிகிறதா!

ஆனால் ரியூசன் தாளில் இருந்த அந்த வரி திகதிகளோடு மோதுகிறது. தேர்தல் நடந்தது 1945 ஜூலையில். தொழிற்கட்சி 393 ஆசனங்களோடு பெருவெற்றி பெற்றது. நாடகமோ, இலண்டனில் அரங்கு கிடைக்காமல், முதன்முதலில் 1945இல் சோவியத் ஒன்றியத்தில்தான் மேடையேறியது. இலண்டன் நியூ தியேட்டரில் அது அரங்கேறியது 1946 ஒக்டோபர் 1. ரால்ஃப் ரிச்சர்ட்சன் இன்ஸ்பெக்டராகவும், இளம் அலெக் கின்னஸ் எரிக்காகவும் நடித்தார்கள். ஆக, இலண்டன் பார்வையாளர் ஏற்கெனவே வாக்களித்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது! பிரீஸ்ட்லி தொழிற்கட்சி வேட்பாளரும் அல்ல. 1945இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றவர் அவர்.

அப்படியானால் 1946இல் அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நாடகம் என்ன சொல்லியிருக்கும்? வாக்களியுங்கள் என்றல்ல. வாக்களித்துவிட்டீர்கள், இனி மறந்துவிடாதீர்கள் என்றுதான் என்று நான் நினைக்கிறேன். நாடகத்தின் முடிவும் இதற்குப் பொருந்துகிறது. வந்தவர் உண்மையான இன்ஸ்பெக்டர் இல்லை என்று தெரிந்தவுடன் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு பழையபடி மதுக்கிண்ணத்தை எடுக்கிறார்கள். ஷீலாவாலும் எரிக்காலும் முடியவில்லை. அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. ஷீலாவின் குணமாற்றம் என்ற கேள்வி வந்தால் விடை இங்கே இருக்கிறது. 1912இல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள் 1946இல் ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். ஷீலாவின் வயதுக்காரர்கள் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இதை மேடையிலேயே காட்டியவர் ஸ்டீபன் டால்ட்ரி. 1992இல் இலண்டன் நேஷனல் தியேட்டரில் அவர் இயக்கியபோது, பேர்லிங்கின் வீடு பொம்மை வீடு போல உயரத்தில் நின்றது, கீழே மழையும் போர்க்காலத் தெருவும். 1940களின் உடையில் ஒரு கூட்டம் வாய் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் வீடு சரிந்துவிடும். இரண்டு ஆண்டுகளும் ஒரே மேடையில்! அதன் படங்களைத் தங்கைக்கு அனுப்பினேன். நான் அரை மணிநேரம் விளக்கியதை அவள் அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள் :-)

முதல் வரியை அவள் வெட்டிவிட்டாள். திருத்திய விடையில் வரலாறு தனிப் பந்தியாக இல்லை. கூலியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சுரங்கத் தொழிலாளரும், திருமதி பேர்லிங் வரும் இடத்தில் 1913 ஜனவரியும் வந்திருந்தன. நீளம் கூடிவிட்டது. கையில் இருப்பது முக்கால் மணிநேரம், அதற்குள் எழுதி முடிக்கக் கைவேகம் போதாது என்று புலம்புகிறாள். எரிக்கின் பவுண் கணக்கை மட்டும் சேர்க்க மாட்டேன் என்று பிடிவாதம். பரீட்சையில் பெருக்கல் பிழைத்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறாள்.

ஜெரால்டைக் குற்றவாளி என்பதா நல்லவன் என்பதா என்று இன்று காலை இன்னொரு கேள்வி வந்திருக்கிறது. எனக்கு நாளை கிரயக் கணக்கியல் பரீட்சை. ஜெரால்ட் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதுதான்.